காயலில் காக்காய் தேடிய ஞாயிறு

ஷார்ஜா முவைலாவில் நாங்கள் இருக்கும் கட்டடத்துப் பிள்ளைகள் என்னை ‘பேர்ட் ஆன்ட்டி’ என்றுதான் கூப்பிடும். தமிழ்ப் பிள்ளைகள்தான், ஆனால் அதுகள் வாயில் தமிழ் வருவது அம்மாவிடம் அடி வாங்கும்போது மட்டும். எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் லேப் உதவியாளர் வேலை. அது முடிந்தால் சமையல். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு, பார்க்கிங் ஓரத்து வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்பேன். போகிறவர்கள் முதலில் மேலே பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு என் கணவரைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள்.

அவருக்குத் தெரிந்த பறவை வகை இரண்டு. சாப்பிடுவது ஒன்று, சாப்பிடாதது ஒன்று. ஷார்ஜா தொழில்பேட்டையில் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறையில் சூப்பர்வைசர். வாரம் முழுவதும் மெஷின் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்தான் சொர்க்கம். அந்தச் சொர்க்கத்திலிருந்து அவரை இழுத்து வெளியே போடுவதுதான் ஏப்ரல் மாதத்தில் என் வேலை.

ஏனென்றால் ஏப்ரலை விட்டால் பிடிக்க முடியாது. குளிர்காலத்தை இங்கே கழித்த பறவைகளும், இன்னும் தெற்கேயிருந்து வருகிற பறவைகளும் வடக்கே போகிற வழியில் நம் கடலோரச் சேற்றில் இறங்கி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். அதில் ஓர் உள்ளான் உண்டு. கைக்கு அடக்கமான பறவை, நுனி வளைந்த மூக்கு. குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறத்தில், துவைத்துத் துவைத்து வெளுத்த பனியன் மாதிரி இருக்கும். கிளம்பப் போகிற நேரத்தில் திடீரென்று மார்பு முழுவதும் செங்கல் நிறமாகிவிடும். படத்தில் பார்த்திருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. மூன்று வசந்தமாக என்னை அது ஏமாற்றிக்கொண்டிருந்தது.

அதைப் பார்க்கத் தோதான இடம் வடக்கே, ராஸ் அல் கைமா போகும் பக்கம் இருக்கிற ஒரு காயல். வேலி போட்டுக் காவல் வைத்த சரணாலயம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறே நம் ஆட்கள் பாயும் தலையணையுமாக அங்கே போய் இறங்கிவிடுவார்கள்.

எங்களிடம் வண்டி கிடையாது. எங்கள் கட்டடத்துக்குக் கீழே பலசரக்குக் கடை வைத்திருக்கும் அதிராம்பட்டினத்துக்காரரிடம் ஒரு வேன் இருந்தது. ஏரியா முழுக்க அவரை பாய் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான். அவர் என்னைத் தங்கச்சி என்பார், என் கணவரைத் தம்பி என்பார். அவருக்கும் பறவைக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. ஆனால் ‘பிக்னிக்’ என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், தேக்சாவைக் கழுவ ஆரம்பித்துவிடுவார். தேக்சா என்றால் அவர்கள் வீட்டில் பிரியாணிக்கென்றே இருக்கிற பெரிய பாத்திரம்.

எல்லாம் பேசி முடித்து, ஞாயிற்றுக்கிழமை என்று நாளும் குறித்த பிறகுதான் புதுக்கோட்டைப் பக்கமிருந்து என் கணவரின் அண்ணன் வாட்ஸப்பில் கூப்பிட்டார். அம்மாவின் முதல் வருஷத் திதி அந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்றார். “இங்க நான் முறையாச் செஞ்சுடுறேன். நீ அங்க ஒரு படையல் போட்டு காக்காவுக்கு வச்சுட்டுச் சாப்பிடு, போதும்.”

போதும் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். இவருக்கு அது போதுகிற விஷயமாகவும் இல்லை, சுலபமான விஷயமாகவும் இல்லை.

தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைக்க வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். இவர்தான் கடைசி. ஆனால் போன வருஷம் செய்தி வந்தபோது இவருடைய பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்தது. அது கைக்கு வந்து, டிக்கெட் கிடைத்து, திருச்சியில் இறங்கி ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பால் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கொள்ளியை அண்ணன் வைத்திருந்தார். யாரும் இவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பார். அம்மா கடைசியாக இவர் கையால் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த ஒரு வருஷமும் இவருக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான்.

இதற்குக் காக்காய் வேண்டும். முவைலாவில் காக்காய்க்கு எங்கே போவது? தை அமாவாசைக்கு ஒருமுறை முயற்சி செய்து பார்த்தோம். மொட்டை மாடியில் இலையைப் போட்டு இவர் ‘கா கா’ என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். புறா வந்தது. மைனா வந்தது. கட்டடத்து வாட்ச்மேன் வந்தார். காக்காய் மட்டும் வரவில்லை. அன்றைக்கு இவர் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

“புறாவும் பறவைதானே, அது சாப்பிட்டா ஆகாதா?” என்று கேட்டுவிட்டேன்.

“எங்கம்மாவைப் போயி புறாங்கிறியே,” என்றார்.

ஆகவே திதி என்றதும் என் காயல் பயணம் காலி என்றுதான் நினைத்தேன். செங்கல் நிற உள்ளானுக்கு மனதுக்குள் கையசைத்து வழியனுப்பியும் விட்டேன். ஆனால் சனிக்கிழமை காலை இவரே வந்து கேட்டார்.

“ஏன் புள்ள, நீ சொல்ற எடம் பறவைச் சரணாலயம்தானே?”

“ஆமா.”

“எல்லாப் பறவையும் இருக்குமா?”

“இருக்கும்.”

“அப்ப காக்கா இல்லாமயா இருக்கும்? அங்கயே படையலப் போட்டுருவோம்.”

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. உலகத்தில் காக்காய் இல்லாத இடம் உண்டா என்ன? நம் ஊரில் பிறந்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மூன்று வருஷமாகப் பைனாகுலரும் கையுமாகத் திரிகிற எனக்கு, அந்த மூன்று வருஷத்தில் எங்கே காக்காயைப் பார்த்தோம் என்று யோசித்துப் பார்க்கத் தோன்றவில்லை. காக்காயை யார் பார்ப்பார்கள்?

என் மாமியாரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் கறி சாப்பிடுவதை விட்டவர். பிறவிச் சைவமெல்லாம் கிடையாது. நல்லி எலும்பை அவர் உறிஞ்சுகிற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இவர் முதன்முதலாக கல்ஃபுக்கு விமானம் ஏறிய அன்று, மகன் ஊரோடு வந்து உட்காருகிற வரைக்கும் கறி மீன் தொட மாட்டேன் என்று குலசாமியிடம் வேண்டிக்கொண்டுவிட்டார். நாங்கள் லீவுக்குப் போகும்போதெல்லாம் ஆட்டுக்கறி எடுத்து, அம்மியில் மசாலா அரைத்து, இவருக்கு இலை நிறையப் போடுவார். தனக்கு ரசம். “அடுத்த வருஷம் வந்துடுறேம்மா” என்று இவர் சொல்வார். “வா, வந்தா சேர்ந்து திம்போம்” என்பார் அவர். இப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது.

எதிரில் ஒருத்தி ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தால் எனக்குக் கறி எப்படி இறங்கும்? ஒருமுறை பொறுக்க மாட்டாமல், “அந்த வேண்டுதலக் கொஞ்சம் மாத்திக்கங்க அத்தை, ஒரு ஆடு வெட்டுறேன்னு சொல்லிச் சமாளிச்சுருங்க,” என்றேன். “சாமிகிட்ட பேரம் பேச இதென்ன மீன் மார்க்கெட்டா?” என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கும் அவருக்கும் நடந்த சண்டைகளிலேயே நான் ஜெயித்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைப்பது அந்த ஒன்றைத்தான்.

ஞாயிறு விடியும் முன்னே எழுந்து சமைத்தேன். சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், உளுந்து வடை, பாயசம். வெங்காயம் பூண்டு கிடையாது. சூடாக டிபன் கேரியரில் அடுக்கி, வாழையிலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினால், பாய் வேனின் பின்கதவைத் திறந்து தேக்சாவை ஏற்றிக்கொண்டிருந்தார். மட்டன் பிரியாணி. மூடியைச் சுற்றி மாவு வைத்து அடைத்திருந்தும் வாசனை பார்க்கிங் முழுக்க நின்றது.

திதி விஷயத்தை அப்போதுதான் சொன்னோம். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மொதல்லயே சொல்லக் கூடாதா தங்கச்சி? சைவமா ஆக்கியிருப்போம்ல?”

“உங்களுக்கு எதுக்கு பாய் சைவம்? நீங்க சாப்பிடுங்க. காக்கா எடுத்ததும் நாங்க எங்க சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிறோம்,” என்றார் என் கணவர்.

“அதெப்புடி? நீங்க பட்டினியா நிக்க, நாங்க பிரியாணி திங்கிறதா? நல்லாயிருக்கே ஞாயம்! அந்தம்மாவுக்கு வச்சு, நீங்க கை நனைச்ச பெறகுதான் இந்த மூடியத் தொறப்பேன்.”

பாயின் மனைவியும் அதையே சொன்னார். நான் அக்கா என்று கூப்பிடுகிற அவர், சொல்கிறபோது பாயை ஒரு கவலையோடு பார்த்தது எனக்குத் தெரிந்தது. பாய்க்குச் சர்க்கரை உண்டு. நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய மனிதர். ஆனால் காலை நேரம், காக்காய் என்ன பெரிய காரியம், போய் இறங்கியதும் முடிந்துவிடும் என்று எல்லோரும் ஏறி உட்கார்ந்தோம்.

வழியில், துபாய் கராமாவில் இருக்கும் நண்பர் ஒருவர் எங்கள் வாட்ஸப் குரூப்பில் ஒரு கவிதை போட்டார். நாமெல்லாம் வலசைப் பறவைகளாம், கூடு ஓரிடம் இரை ஓரிடமாம். யாராவது பறவை பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் போதும், நம் ஆட்களுக்கு இந்தக் கவிதை வந்துவிடும். எனக்கு இது ஆகவே ஆகாது. பறவைக்குக் கஃபீல் என்று ஒரு முதலாளி உண்டா, விசா உண்டா, எக்ஸிட் ஸ்டாம்ப் உண்டா? கிளம்பத் தோன்றினால் கிளம்புகிறது. அதையும் நம்மையும் ஒன்றாகச் சேர்த்தால் பறவைக்கல்லவா அவமானம்? இதை அப்படியே பதிலாகப் போட்டேன். நண்பர் கும்பிடுகிற கை ஒன்றை அனுப்பிவிட்டு அடங்கிவிட்டார்.

காயலில் இறங்கியபோது தண்ணீர் வடிந்து, சேறு கண்ணுக்கு எட்டிய தூரம் பளபளத்தது. தூரத்தில் பூநாரைகள் ஒரு பெரிய கூட்டமாகத் தலையைத் தண்ணீருக்குள் விட்டு நின்றன. ஆலாக்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு போயின. அலையாத்திச் செடிகளுக்கு மேலே பச்சையும் பழுப்புமாகப் பஞ்சுருட்டான்கள் சுற்றின. எந்தப் பக்கம் பைனாகுலரைத் திருப்புவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். சந்தோஷம் வந்தால் எனக்கு அப்படித்தான்.

மரப்பலகை போட்ட நடைபாதையில் நான்கு பேரும் நடந்தோம். நான் ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன், என் கணவர் ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்கிறார்.

“அதோ பாருங்க, பூநாரை.”

“ம். காக்கா?”

“இந்தப் பக்கம் பாருங்க, எவ்வளவு பெரிய நாரை.”

“சரி. காக்கா எங்க?”

பாய் மட்டும் பூநாரையைப் பார்த்து அசந்து நின்றார். “யா அல்லா, காலப் பாரேன், அகர்பத்தி மாதிரி இருக்கு!” என்றார். பிறகு அவருக்கும் பொறுப்பு நினைவு வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து மரம் மரமாகக் காக்காய் தேட ஆரம்பித்தார்.

நான்தான் முதலில் நிலைமையைப் புரிந்துகொண்டேன். நடைபாதை முடிகிற இடத்தில் அங்கே காணக்கூடிய பறவைகளின் படங்களை வரிசையாகப் பலகையில் போட்டிருந்தார்கள். மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். காக்காய்ப் படம் இல்லை. பக்கத்திலேயே இன்னொரு பலகை, பறவைகளுக்குத் தீனி போடக் கூடாது என்று அரபியிலும் ஆங்கிலத்திலும். இரண்டையும் இவருக்குக் காட்டாமல் நைசாக மறைத்து நின்றுகொண்டேன். நின்று என்ன பயன்? காவலர் ஒருவர் டிபன் கேரியரைப் பார்த்துவிட்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

பெஷாவர் பக்கத்து மனிதர், ஆறடி உயரம், மீசை மட்டும் தனியாக ஒரு ஆள் இருக்கும். பாய்தான் இந்தியில் பேசினார். பாயின் இந்தி கடை இந்தி. அதில் விலையும் எடையும்தான் சரளமாக வரும். மாமியார், திதி, காக்காய் மூன்றையும் அதற்குள் அடைக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். காவலர் நெற்றியைச் சுருக்கிக் கேட்டார். கடைசியில், “கவ்வா?” என்றார்.

“ஹான் பாய், கவ்வா!” என்றோம் நாங்கள் நான்கு பேரும், காக்காய்க்கு இந்தி வார்த்தை கிடைத்த சந்தோஷத்தில்.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஜெர்மனியிலிருந்தெல்லாம் பெரிய பெரிய கேமராவோடு இங்கே பறவை பார்க்க வருகிறார்கள், இத்தனை வருஷ டூட்டியில் கவ்வாவைக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்றார். இங்கே கவ்வா மாஃபி, கிடையவே கிடையாது. இருந்தாலும் தீனி போட விடமாட்டேன், வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள் என்றார். என் கணவர் டிபன் கேரியரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். காவலர் அவரையே ஒரு நிமிஷம் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவா என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். வேலிக்கு வெளியே, சாலையில் கொஞ்ச தூரம் போனால் மீன்படகு கரையேறும் இடம் இருக்கிறது, அங்கே கவ்வா உண்டு, நானே பார்த்திருக்கிறேன், சீக்கிரம் போங்கள், யல்லா, யல்லா என்று எங்களைத் துரத்தாத குறையாக அனுப்பினார்.

திரும்பி ஓட்டமும் நடையுமாக வரும்போதுதான் அது நடந்தது. நடைபாதைக்குப் பக்கத்துச் சேற்றில், கல்லெறி தூரம்கூட இல்லை, ஐந்தாறு உள்ளான்கள் குடுகுடுவென்று ஓடின. நடுவில் ஒன்றின் மார்பு முழுக்கச் செங்கல் நிறம். மூக்கு நுனி வளைந்திருந்தது. எனக்குக் கால் நகரவில்லை.

“என்னாச்சு, காக்காவா?” என்றார் என் கணவர்.

மூன்று வசந்தமாகத் தேடிய பறவை. அதன் பெயரை வாய்வரை கொண்டுவந்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். “இல்லங்க, வாங்க போவோம்,” என்றேன். பைனாகுலரில் ஒரே ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அது போதும், எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. அன்றைக்கு வயிறு நிறைந்த ஒரே ஆள் நான்தான்.

மீன்படகுத் துறையில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. வலைகள் குவிந்து கிடந்தன, மீன்வாடை தூக்கியது. காக்காய் இருந்தது! விளக்குக் கம்பத்து உச்சியில் ஒன்றே ஒன்று, சாம்பல் கழுத்தோடு, அசல் நம் ஊர்க் காக்காய். என் கணவர் அதைப் பார்த்த பார்வையில் ஒரு துளி என்னை என்றைக்காவது பார்த்திருப்பாரா தெரியவில்லை.

சிமெண்டுத் திட்டு ஒன்றைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து, இலையைப் போட்டு, சோறு, சாம்பார், பொரியல், வடை, பாயசம் எல்லாம் வைத்தோம். இவர் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, “கா, கா” என்றார். காக்காய் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. இறங்கவில்லை.

“கா, கா!” என்றேன் நான். அக்காவும் ஆரம்பித்தார். பாய் கடையில் ஆள் கூப்பிடுகிற குரலில், “கா! கா! ஜல்தி ஆவோ பாய்!” என்றார். வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்கள் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். காக்காய் அலகைக் கம்பத்தில் இரண்டு பக்கமும் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வேண்டாத விருந்தாளிகள் எல்லோரும் வந்தார்கள். முதலில் ஒரு பூனை. அக்கா அதைத் துப்பட்டாவால் விரட்டினார். அப்புறம் கடற்காகங்கள், ஒன்றல்ல இரண்டல்ல, ஒரு பட்டாளம். நானும் பாயும் இலையைச் சுற்றிக் கையை வீசிக்கொண்டு ஓடினோம்.

“தம்பி, இதுக்குக் கடற்காகம்னுதானே பேரு? இதுவும் ஒரு மாதிரி காக்காதானே?” என்றார் பாய் மூச்சு வாங்க.

“பாய், நீங்களுமா?” என்றார் இவர். பாய் மறுபடி கையை வீசப் போய்விட்டார்.

மத்தியானமும் ஆகிவிட்டது. சோறு காய்ந்து, பாயசத்தில் ஆடை கட்டியது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. பசியில் பாதி, இவரைப் பார்க்கச் சகிக்காமல் பாதி. குரல் கம்மிப்போய், கூப்பிடுவதைக்கூட நிறுத்திவிட்டு, கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “எம்மேல கோவம்போல, புள்ள,” என்றார் மெதுவாக. அந்த வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. காக்காயைக் கல்லால் அடிக்கலாம் என்று வந்தது.

அப்போது பாய் திட்டில் தொப்பென்று உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வை, கை நடுங்கியது. அக்கா பதறிக்கொண்டு ஓடிவந்தார். “சுகர் எறங்கிடுச்சு. எத்தன தடவ சொன்னேன், ஒரு வாழப்பழமாச்சும் தின்னுங்கன்னு!” நான் கேரியரில் மிச்சமிருந்த பாயசத்தை ஒரு டம்ளரில் ஊற்றி அவர் வாயில் வைத்தேன். குடித்துவிட்டு, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, இன்னும் செத்த நேரம் பாப்போம்,” என்றார் அந்தப் பிடிவாதக்காரர்.

என் கணவர் நேராக வேனுக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தார். தேக்சாவின் மூடியைச் சுற்றியிருந்த மாவைத் தன் கையாலேயே பிய்த்துப் போட்டார். ஆவி குப்பென்று எழும்பியது. தட்டில் பிரியாணியை அள்ளி வைத்துக்கொண்டு வந்து பாயின் பக்கத்தில் திட்டில் வைத்தார்.

“சாப்பிடுங்க பாய். உங்களப் பட்டினி போட்டுத்தான் எங்கம்மா சாப்பிடணும்னா, அப்படிச் சாப்பிடுற பொம்பள இல்ல அவ.”

பாய் பிஸ்மி சொல்லிக் கையை நீட்டினார். கை தட்டுக்குப் போவதற்கு முன்னால் மேலே இறக்கைச் சத்தம் கேட்டது. காக்காய் திட்டில் இறங்கி நின்றது. நான் விடியும் முன்னே எழுந்து சமைத்த படையலைத் திரும்பியும் பார்க்கவில்லை. இலையை ஒட்டியே தத்தித் தத்தி நடந்து, பாயின் தட்டில் இருந்த ஒரு கறித்துண்டைக் கவ்விக்கொண்டு கம்பத்துக்குப் பறந்துவிட்டது. அங்கே காலடியில் அதை அமுக்கி வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் கொத்திக் கொத்தித் தின்றது.

பாய்தான் முதலில் எழுந்தார். “தம்பி, தப்பாப் போச்சே தம்பி. கறியத் தொடாத மகராசிக்கு என் தட்டால போயி இப்புடி ஆயிடுச்சே,” என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர் நின்றது.

எனக்கு இவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. இவர் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நெருங்கிப் போனால், சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிய வழியச் சிரித்தார். அம்மா போன பிறகு இவர் அழுததையும் நான் பார்த்ததில்லை, இப்படிச் சிரித்ததையும் பார்த்ததில்லை.

“நான் வந்து உக்கார்ற வரைக்கும் தொட மாட்டேன்னா,” என்றார் என்னிடம். “நான் போகல. அவளே வந்து தின்னுட்டா புள்ள.”

பிறகு முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு பாயின் பக்கம் திரும்பினார்.

“பாய், அம்மாவுக்கு இன்னொரு பீஸ் வைங்க.”

பாய் கரண்டியைத் தேக்சாவின் அடிவரை விட்டுத் துழாவி, இருப்பதிலேயே பெரிய நல்லி எலும்பாகத் தேடி எடுத்தார்.